நடுவில் யார் படம்?

பேருந்து நிலையத் தெருவில் ஒரு பிளக்ஸ் கடை. அங்கே டிசைனர் பொற்கொடி, அதிர்ந்து பேசாத பெண். தெருக் கூட்டும் அங்கம்மா லாரி மோதி இறந்த அன்று, அவள் மகள் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள்.

"அம்மாவுக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு. தெருவே பார்க்கணும்."

பின்னாலேயே கவுன்சிலர் வேலாயுதம் வந்தார். "பேனர் என் செலவு. நடுவுல என் படம் பெருசா இருக்கட்டும். அந்தம்மா மூலையில போதும்."

"ஐயா, அவங்களுக்குத்தானே..."

"சொன்னதைச் செய் பாப்பா."

பொற்கொடி சொன்னபடியே செய்தாள். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் கும்பிட்ட கையோடு கவுன்சிலர். அவரை உள்ளே உட்காரவைத்து, பேனரை வாசலில் சாய்த்துவைத்தாள். எதிரே பூ விற்கும் அக்கா ஓடிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு முழம் சாமந்தியை அவர் படத்துக்குப் போட்டாள்.

"நேத்துகூடக் கல்லு மாதிரி இருந்தாரே! எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

உள்ளேயிருந்து அதைக் கேட்ட வேலாயுதம் வாசலுக்கு ஓடிவந்தார். "என் படமே வேண்டாம், எடுத்துடு!"

புதுப் பேனர் முழுக்க அங்கம்மாவின் முகம். பூக்கார அக்கா அதே சாமந்தியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு பொற்கொடி?"

"தினம் உங்க கடை வாசலைக் கூட்டினவங்கக்கா."