மல்லாக்கக் கிடந்த ரசிகன்

மூங்கில்காட்டுக்கும் புளியங்காட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு நடுவே ஒரு மணல்திட்டு. பம்பளிமாஸ் பந்தாட்டத்தின் அரையிறுதி அந்தத் திட்டில்தான் என்று மரங்கொத்தி தட்டிச் சொன்னதுமே, இரண்டு காடுகளுக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆட்டம் எளிதானதுதான். பம்பளிமாஸ் காயைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய குறுக்குக் கம்புக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே போனால் கோல், மூன்று புள்ளி. ஆனால் இது சும்மா ஆட்டமா? எந்தக் காட்டிடம் வேண்டுமானாலும் தோற்கலாம். பக்கத்துக் காட்டிடம் தோற்றால் ஓடையில் போய் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியுமா?

மூங்கில்காட்டு விலங்குகள் உடம்பெல்லாம் மஞ்சள் மண்ணைப் பூசிக்கொண்டன. புளியங்காட்டு விலங்குகள் செம்மண்ணில் புரண்டன. வாழ்த்து எழுதிக் கட்டிய வாழை இலைகளை ஆடுகள் தின்றன. மறுநாள் வேறு இலை கட்டினார்கள். அதையும் தின்றன.

இந்தக் கூத்துக்கு நடுவே, ஆமை வட்டப்பனுக்கு மட்டும் ஒரே ஒரு ஆசை. அவன் பிறந்ததிலிருந்து மூங்கில்காட்டின் ரசிகன். ஆனால் ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை! எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும், அவன் போய்ச் சேரும்போது கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். காலிறுதிக்கு ஒருவழியாக நேரத்துக்குப் போய்விட்டான். கடைசி நிமிடத்தில் கூட்டம் நெருக்கியது. தடால்! வட்டப்பன் மல்லாந்து விழுந்தான். அந்த நொடியில்தான் கோலும் விழுந்தது. அவன் பார்த்ததெல்லாம் வானத்தையும், அதில் வட்டமிட்ட ஒரு பருந்தையும்தான்.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று, மற்றவர்கள் மண் பூசத் தொடங்குவதற்கு முன்பே திட்டுக்கு வந்து, கம்பத்துக்கு அருகில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டான்.

எதிர்க் கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன மாப்பிள்ளை, இப்பவே அழ ஆரம்பிக்க இடம் பிடிச்சாச்சா?"

அது சிப்பியப்பன். வட்டப்பனின் மனைவியுடைய அண்ணன், புளியங்காட்டு ஆமை. அவனுக்கு யார் குரலும் அப்படியே வரும். கரடி கொட்டாவி விடுவதுபோல விடுவான்; கரடியே எழுந்து வந்து, "யாருடா என்னைக் கூப்பிட்டது?" என்று கேட்கும்.

"அழுறது யாருன்னு அன்னிக்குத் தெரியும் மச்சான்! துடைக்க இப்பவே தாமரை இலை பறிச்சு வெச்சுக்கோ!"

"உங்க மான் இருக்கே, அது பந்தைத் துரத்துதா, இல்ல பந்து அதைத் துரத்துதா?"

"உங்க கழுதை கோல் போட்டா நான் என் ஓட்டைக் கழட்டித் தரேன், சட்டி வெச்சுக்கோ!"

இப்படி இருவரும் பொழுதெல்லாம் ஏசிக்கொண்டார்கள். இருவருக்கும் அதில் அவ்வளவு சந்தோஷம்.

அன்று மாலை அந்தத் திட்டிலேயே மூங்கில்காட்டு ரசிகர் மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் முள்ளம்பன்றி ஊசிமுத்து. எதைச் சொன்னாலும் முதலில் "ம்ஹூம்!" என்று ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் சொல்வார்.

"ம்ஹூம்! தோழர்களே! காலிறுதியில நாம எப்படி ஜெயிச்சோம்? திறமையாலயா?"

"இல்லை!" என்று கூட்டம் முழங்கியது.

"ராசியால! கோல் விழுந்த நொடியில யார் யார் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்களோ, அரையிறுதியிலயும் அதையேதான் செய்யணும். கரடி, நீ?"

"மரப்பொந்துல தலையை விட்டுத் தேன் நக்கிக்கிட்டிருந்தேன், தலைவரே."

"அதையே நக்கு! முயல்?"

"பயத்துல வளைக்குள்ள போயிட்டேங்க."

"போ! குரங்கு?"

"பொண்டாட்டிக்குப் பேன் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பேன் தீராம பார்த்துக்க! நான் பின்னாடி திரும்பிக் கொக்குகூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். 'குனிஞ்சு நில்லுய்யா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது'ன்னு. கொக்கே, தயாரா இரு!"

கொக்கு யோசித்தது. "தலைவரே, அப்போ அந்தக் கோலை நம்மள்ல யாருமே பார்க்கலையா?"

"பார்க்காததாலதான்யா விழுந்துச்சு!"

கூட்டம் கைதட்டியது. தீர்மானம் நிறைவேறியது. கோல் போட்ட மான், அதற்கு முன்பு ஒரு வேரில் தடுக்கி விழப்போனதாம். ஆகவே அதே வேரைத் தோண்டி எடுத்துவந்து திட்டில் பதிப்பது என்று முடிவானது. கோல் காக்கும் எருமை அப்போது கண்ணை மூடிக் கொட்டாவி விட்டதாம். ஆகவே ஆட்டம் முழுக்கக் கொட்டாவி!

"ம்ஹூம்! நம்ம வட்டப்பன் என்ன செஞ்சான்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வட்டப்பன் ஓர் அடி முன்னால் நகர்ந்தான்.

"தலைவரே, நான் ஒரு கோல்கூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்துக்கறேனே?"

"நல்லா உட்காரு! நாம தோத்துட்டா, காடு முழுக்க உன்னைப் பார்த்து என்ன சொல்லும்? 'இவன் நிமிர்ந்தான், நாம கவிழ்ந்தோம்'னு சொல்லும்!"

வட்டப்பனுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. கோலைப் பார்க்க ஆசைதான். ஆனால் தன்னால் காடு தோற்றால்? தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "சரி, மல்லாத்துங்க."

விஷயத்தைக் கேட்டதும் சிப்பியப்பன் கரையில் உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க பக்கம் மட்டும் என்ன வாழுது, மாப்பிள்ளை? காலிறுதியில கடைசி உதைக்கு ஊரே கண்ணை மூடி வேண்டிக்கிச்சாம். அதனால இப்ப பார்க்கிறவனும் மூடணும், ஆடுறவனும் மூடணும்!"

"ஆடுறவனுமா? கழுதை கண்ணை மூடிக்கிட்டா உதைக்கும்?"

"கழுதை கண்ணைத் திறந்தே சரியா உதைச்சதில்லை. விடு."

ஆட்ட நாள் வந்தது. நடுவராக வந்து இறங்கியது ஆந்தை. நல்ல வெயில். "பந்து எங்கே?" என்று அது பம்பளிமாஸ் மேல் உட்கார்ந்துகொண்டே கேட்டது.

மன்றத்தார் வட்டப்பனைக் கம்பத்தருகே மல்லாத்தினார்கள். காலிறுதியில் கிடந்ததுபோலவே தலை மைதானத்துக்கு வெளியே, இங்கே ஓடைப் பக்கம். வானத்தை விட்டால் தண்ணீர். அவன் கண்ணில் நீர் முட்டியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கனைப்பு.

"ம்ஹூம்! அட மடையன்களா! தலை மைதானத்துப் பக்கம்டா இருந்துச்சு! திருப்புங்கடா!"

தலைவரின் குரல் அல்லவா! பதறிப்போய்த் திருப்பி வைத்தார்கள். உண்மையான தலைவரோ தொலைவில் கொக்கோடு சண்டைக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்துப் பாறைக்குப் பின்னால், கண்ணை மறுபடி இறுக மூடியபடி, சிப்பியப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

வட்டப்பன் கழுத்தை நீட்டினான். ஆகா! வானம் கீழே, மணல் மேலே. ஆனாலும் மைதானம் முழுதாகத் தெரிந்தது!

"மச்சான், நீயா?"

"மூச்! எனக்குக் கண் மூடியிருக்கு. என்ன நடக்குதுன்னு சொல்லு!"

"உங்க கழுதை கம்பத்தை உதைக்குது. உங்க ஓணான் எங்க எருமை மேல ஏறுது. எருமை கொட்டாவி விடுது. ஓணான் வாய்க்குள்ள எட்டிப் பார்க்குது. இப்ப பந்து எங்க மான்கிட்ட! மான் ஓடுது! வேர் வருது! ஐயோ, வேர் வருது!"

மான் தடுக்கியது. குட்டிக்கரணம் அடித்தது. பந்து அதன் பின்னங்காலில் பட்டு, வந்த வழியே பறந்து, கொட்டாவி விட்ட எருமையின் காலிடுக்கில் புகுந்து, கம்புக்குக் கீழே உருண்டது.

கோல்! சொந்தக் கம்பத்திலேயே கோல்!

தொம் என்ற சத்தம் மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. அவ்வளவுதான்! "நாமதான்!" என்று மூங்கில்காடு குதித்தது. "நாமதான்!" என்று புளியங்காடு குதித்தது. மான் மணலில் முகம் புதைந்து கிடந்தது. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, "தோத்தாலும் என்ன பெருந்தன்மை உங்களுக்கு!" என்று பாராட்டிக்கொண்டன.

நடுவில் கொக்குக்குச் சந்தேகம் வந்தது. "யார் போட்டது?"

ஆந்தையைக் கேட்டார்கள். "பகல்ல எனக்கு என்ன தெரியும்? சூடு தெரியுது" என்றது.

"நான் பார்த்தேன்!" என்று வட்டப்பன் கத்தினான். "நம்ம மான் நம்ம கம்பத்துலயே போட்டுடுச்சு. கோல் அவங்களுக்கு!"

ஊசிமுத்து கனைத்தார். "ம்ஹூம்! இவன் எப்படிக் கிடக்கிறான்? தலைகீழா! தலைகீழாப் பார்த்தவன் சொன்னதைத் தலைகீழாத்தானே எடுத்துக்கணும்? அப்போ கோல் நமக்கு!"

மூங்கில்காடு மறுபடி குதித்தது. புளியங்காடு சண்டைக்கு வந்தது. ஆந்தைக்குத் தலை சுற்றியது. அதற்குத்தான் முழுதாகச் சுற்றுமே! "இந்த ஆட்டம் செல்லாது! இன்னிக்கே, எனக்குக் கண் தெரியுற அந்தி நேரத்துல மறுபடி ஆடுங்க!"

கூட்டம் கலைந்தது. வட்டப்பனை நிமிர்த்த யாருக்கும் நினைவில்லை. சிப்பியப்பன்தான் வந்து முட்டித் திருப்பினான்.

"மாப்பிள்ளை, நிஜமாவே எங்களுக்கா கோல்?"

"உங்களுக்குத்தான் மச்சான்."

"உன் காட்டை விட்டுக்கொடுத்துச் சொல்றே. அப்ப நிஜம்தான்." சிப்பியப்பனின் குரல் கம்மியது. "எங்க ஊரு போட்ட கோலு. என் மூக்குக்கு முன்னாடி. நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருக்கேன்!"

மறு ஆட்டத்துக்கும் பழைய தீர்மானங்களே என்று இரண்டு மன்றங்களும் முரசறைந்தன. வட்டப்பனோ, திட்டில் பதித்திருந்த வேரைப் வாயால் பற்றி இழுக்கத் தொடங்கினான். இழுத்தான், இழுத்தான், ஆட்டம் தொடங்கும் அந்திவரை இழுத்தான். பிறகு பிடுங்கிய வேரின் மேலேயே ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் சிப்பியப்பன், இரண்டு கண்ணையும் அகலத் திறந்து. மன்றத்தார் இருட்டுகிற வேளையில் ஒரு உருண்டைக் கல்லை, "வட்டப்பா, அசையாதே!" என்று அதட்டி, மல்லாத்திவிட்டுப் போனார்கள்.

மான் பந்தோடு வந்தது. வழக்கமான இடத்தில் தடுக்கி விழக் காலைத் தூக்கியது. வேர் இல்லை! விழ முடியாததால் வேறு வழியின்றி ஓடியது. உதைத்தது. பந்து கழுதையைத் தாண்டி, கம்புக்குக் கீழே, நேராக!

"கோல்!" என்று கத்தியது ஆந்தை. இந்தத் தடவை அதற்கு நன்றாகவே தெரிந்தது.

"பார்த்தேன் மச்சான்! நேரா, வானம் மேலே இருக்கப் பார்த்தேன்!"

"நானும்தான் பார்த்தேன், பாவி. தோத்துட்டோம்." சிப்பியப்பன் மூக்கை உறிஞ்சினான். "ஆனா என்னமா உதைச்சான் உங்க மான்! நாளைக்கு உன்னை ஏச எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லாம போச்சே!"

மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்ற ஊசிமுத்து, கொக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "பார்த்தியா? நாம ரெண்டு பேரும் விடாம சண்டை போட்டோம், ஜெயிச்சுட்டோம்! இறுதி ஆட்டத்துல இன்னும் பலமா போடணும்யா!"

ராசியைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொள்பவனுக்கு எப்படி ஜெயித்தோம் என்பதும் தெரியாது, ஏன் தோற்றோம் என்பதும் தெரியாது.