காத்திருக்காத கார்டு

மாசிலாமணிக்கு ஐம்பது வயது. அவருடைய குரு பூங்கோதைக்கு முப்பத்திரண்டு. ரேடியோ ரிப்பேர் போதும் என்று விட்டுவிட்டு, கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் கார்டு வடிவமைக்க அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். நல்ல மூளை. வாய்தான் ஓயாது மனிதருக்கு.

அவர் தாமே வடிவமைத்த முதல் கார்டுக்கு அன்று பஞ்சாலையில் சோதனை. தேறாவிட்டால் பழையபடி சால்டரிங் மேசைதான் என்று அவர்கள் கம்பெனி முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த ஆலையில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரே கேபிள். இரண்டு ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டுமே நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பொறுமையைக் கார்டிலுள்ள மைக்ரோபிராசஸருக்கு நாம்தான் எழுதித் தர வேண்டும். நம்ம ஆள் வேகம் கூடட்டுமே என்று அதைத் தூக்கிவிட்டார். அவர் மேசையில் சோதித்தபோது எதிரே இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதுவும் கேட்க மட்டுமே செய்யும். கார்டு பறந்தது.

ஆலையிலும் பறந்தது. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

பழுது உங்கள் பழைய கார்டுகளில்தான் என்று மேனேஜர் வேதநாயகத்திடம் மாசிலாமணி அடித்துப் பேசினார். மேனேஜர் வாயெடுத்தபோதெல்லாம் இவர் குரலை உயர்த்தினார். கடைசியில் மேனேஜர் வெறுத்துப்போய் எழுந்துவிட்டார். பூங்கோதை அவரைக் கெஞ்சி உட்கார வைத்தாள். சாயங்காலம் வரை பொறுங்கள், பொறுப்பு என்னுடையது என்று முதலாளியிடமும் சொன்னாள்.

பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, சார் என்ன சொல்ல வந்தாருங்க?”

அவருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்கவில்லை. முகம் சுண்டிப்போய்க் கார்டைக் கழற்றினார்.

தூக்கிவிட்ட பொறுமையைத் திரும்ப எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கார்டின் வேகம் சற்றுக் குறைந்தது. ஆலை முழுக்க ஓடியது. இனி வடிவமைப்பு மேசை உமக்குத்தான் என்றார் முதலாளி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களால் பிழைத்தேன், இந்த நன்றிக்கடனை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பேன் என்று பூங்கோதையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது.

“இந்தத் தப்பு உங்க கண்ணுல முதல் நாளே பட்டிருக்குமே மேடம். ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேனுங்க அண்ணா. நீங்க பேசிட்டிருந்தீங்க. முடிக்கட்டும்னு காத்துட்டிருந்தேன்.”