மர்லா என்றால் என்ன?

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் துரைசிங்கம் சார் இங்கிலீஷ் எடுத்தார். பத்தியைப் படித்துப் பதில் எழுத அவர் சொல்லித்தந்த வழி ஒன்றுதான். கேள்வியில் உள்ள வார்த்தை பத்தியில் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியைப் பார்த்து எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு இசக்கிக்குத்தான் ஒரே குழப்பம். “முழு மார்க்கு வருது சார். ஆனா ஒண்ணும் புரியலையே?”

“புரியாமலா ஏட்டி சரியா எழுதுன? சரியாப் பதில் சொல்லியும் புரியாத ஆளு ஒண்ணக் காட்டு பாப்போம். இல்லன்னா வருசம் பூரா வெளியதான் நிக்கணும்!”

வகுப்பில் எல்லாரும் புரிந்த மாதிரியே தலையாட்டினார்கள். இசக்கி யோசித்து, போர்டில் ஒரு வரி எழுதினாள்: ‘தி ஜிப்பான் வாஸ் டொக்கிங் தி மர்லா.’

“வாட் வாஸ் தி ஜிப்பான் டொக்கிங், சார்?”

“மர்லா!” என்றார் சார், கண்மூடித் திறப்பதற்குள்.

“சரியான பதில் சார். மர்லான்னா என்ன?”

சார் போர்டைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். “அது... மலையில காய்க்கிற ஒரு பழம்.”

“அந்த வார்த்தைய நான் இப்பத்தான் இட்டுக்கட்டுனேன் சார். ஆளக் காட்டிட்டேன். உள்ளயே உக்காரட்டா?”