பாடுகிறவள் முகம்

"குழந்தைக்குத் தாளம் ஒரு நிலையா நிக்கலை, டாக்டர். நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

சொன்னவர் ஆபத்சகாயம், மிருதங்க வித்வான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. இன்று வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனைவி வசுமதி பையெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். மனிதர்தான் நகர மறுக்கிறார்.

டாக்டர் ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவரிடம் மிருதங்கம் கற்று, வயிறாரத் திட்டும் வாங்குகிறவள் அவள். வகுப்பில் "ஏம்மா" என்று அதட்டுகிறவர், குழந்தை பிறந்ததிலிருந்து "டாக்டர்" என்கிறார்.

நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதற்காகத்தான் குழந்தையின் மார்பில் ஒயர் ஒட்டியிருந்தது. தாராளமாகச் சம்மதம் கொடுத்தவரும் இதே மனிதர்தான். கொடுத்துவிட்டு, மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் கேட்கும் இதயத்துடிப்பின் சத்தத்துக்குத் தொடையில் தாளம் போட்டபடியே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து முழுக்கப் பார்த்தாச்சு, சார். ஒரு குறையும் இல்லை."

"திடீர்னு ஓடுது. திடீர்னு இழுக்குது. ஒரு சுத்து மாதிரி அடுத்த சுத்து வரலை. என் காது பொய் சொல்லாது."

"சொல்லாதுதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வசுமதிக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"எங்களுக்கு இது ஒண்ணுதான், டாக்டர்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

மெஷினின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கி, ஒயர் இழுபடாமல், அவர் மடியில் வைத்தாள்.

"முதல் கிளாஸ்ல என்ன சொன்னீங்க? கச்சேரியில எங்க பார்த்து வாசிக்கணும்?"

"அதெல்லாம் இப்போ எதுக்கு?"

"சொல்லுங்க, சார்."

"பாடறவங்க முகத்தைப் பார்த்து."

"தன் கையைப் பார்த்துக்கிட்டே வாசிச்சா?"

"தலையில நறுக்குனு குட்டுவேன்."

ஜெசிந்தா குட்டவில்லை.

"இங்க யாரு சார் பாடறா?"

அவர் குனிந்து பார்த்தார்.

குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது. சத்தம் இழுத்தது.

கை காலை உதைத்துச் சிணுங்கியது. சத்தம் விறுவிறுவென்று ஓடியது.

தூக்கத்தில் கண் செருகியது. சத்தம் இறங்கியது.

மறுபடி ஒரு பெருமூச்சுக்காகக் குட்டி மார்பு மேலே எழும்பியது. தொடைக்கு மேல் அவர் கை அந்தரத்தில் நின்றது. காத்திருந்தது. பிறகு விழுந்தது. சத்தமும் அதே இடத்தில் விழுந்தது.

அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஏம்மா," என்றார். பழைய அதட்டல் திரும்பி வந்திருந்தது. "இந்த ஒயரைக் கழட்டு."

ஒயரை உரித்ததும் குழந்தை வீல் என்று கத்தியது. வசுமதி பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னாச்சு?"

மெஷின் வாயை மூடிக்கொண்டுவிட்டது. ஆபத்சகாயத்தின் கை மட்டும் தொடையில் குழந்தையோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

"பாடுடி, தங்கம்," என்றார். "நான் பின்னாலேயே வரேன்."