நோய் எழுதும் பக்கம்

நாச்சிமுத்து வைத்தியர் அன்று காலை பொள்ளாச்சி பேக்கரியின் மாடிப்படிகளைத் தடதடவென்று ஏறினார். ஐம்பத்தாறு வயதுக்கும் மூட்டு வலிக்கும் அது அதிகப்படியான வேகம். ஆத்திரத்தில் வலி அவருக்கு உறைக்கவே இல்லை.

மாடியில் எஸ்தர் வகுப்பு நடத்துகிறாள். கடைக்காரர்களுக்கு இணையத்தில் கடை போடச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. அவளுக்கு முப்பத்தொரு வயது. வைத்தியர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அவள் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். வயது எதுவானாலும் குரு குருதான் என்பது அவர் கட்சி.

அன்று அவள் சொல்லியும் உட்காரவில்லை.

"அயோக்கியப் பய டீச்சர்! அவன் கைய ஒடிக்கோணும்!"

"யாரு கைய?"

சொன்னார். சென்னையில் ஒரு மகளிர் விடுதி. அங்கே தங்கி வேலைக்குப் போகும் கோமளவல்லி என்ற பெண், வைத்தியரின் இணையக் கடையில் மருந்து கேட்டிருந்தாள். ஒரு வருடமாக வெள்ளைப்படுதல் இருக்கிறது என்று நோய் விவரப் பக்கத்தில் எழுதினாள். விடுதியின் வைஃபையைப் பார்த்துக்கொள்பவன் அதை வழியிலேயே படித்துவிட்டான். படித்தவன் சும்மா இருந்தானா? சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும், "என்னம்மா, வெள்ளைப்படுதலுக்கு மருந்து வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான், வெட்கம் கெட்டவன். அவள் இப்போது சாப்பிடக் கீழே இறங்குவதே இல்லை.

"காத்தால போன் பண்ணுச்சுங்க. 'உங்கள் ரகசியம் எங்களோடு'ன்னு நீங்கதானே போட்டிருந்தீங்கன்னு கேக்குது. பனை மரத்துல தேள் கொட்டுனா தென்னை மரத்துல நெறி கட்டுமா டீச்சர்? களவாண்டது அவன்! எங்கிட்ட வந்து கேட்டா?"

எஸ்தர் கணினியில் அவர் கடையைத் திறந்தாள். உச்சியில் 'பாதுகாப்பற்றது' என்று இருந்தது.

"பூட்டுப் போட்டாத்தான் எழுதறத வழியில யாரும் படிக்க முடியாது. பணம் கட்டற பக்கத்துக்குப் பூட்டு இருக்குது. நோய் எழுதற பக்கத்துக்கு எங்க?"

வைத்தியரின் குரல் இறங்கியது.

"நீங்க சொன்னாப்ல எல்லாப் பக்கத்துக்குந்தாங்க போட்டேன். போட்டதும் மருந்துப் படம் பாதி காணாமப் போச்சு. ஒவ்வொரு படத்துக்கும் முகவரி மாத்தோணும்னீங்க. ரெண்டு நாள் வேலை. அதான், பணம் போற பக்கத்த மட்டும் பூட்டிட்டு மத்தத எடுத்துட்டேன்."

"எப்ப?"

"எட்டு மாசம் ஆச்சுங்க. நோய் எழுதற எடத்துல காசா இருக்குது, களவு போறதுக்கு?"

எஸ்தர் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கீழ வாங்க."

பேக்கரியில் நல்ல கூட்டம். டீயும் பப்ஸுமாகப் பெஞ்சு நிறைய ஆட்கள். எஸ்தர் நட்டநடுவில் போய் நின்றாள்.

"கடைசியா வந்த ஆர்டர எடுங்க."

எடுத்தார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தது.

"சத்தமா வாசிங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

குருவின் சொல்லை மீறிப் பழக்கமில்லாதவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "வயசு முப்பத்தி நாலு. ஊரு கோட்டூரு..."

"நம்மூரா? யாருங்க அது?" பெஞ்சிலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டினார்.

அடுத்த வரியில் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை, குறை எனக்குத்தான் என்று இருந்தது. ஊரே என் மனைவியைப் பேசுகிறது, உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை ஐயா என்றும் இருந்தது.

வைத்தியர் போனை மார்போடு கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"வாசிங்க."

"மாட்டனுங்க."

"ஏன்? அதுல காசா இருக்குது?"

"டீச்சர்!" வைத்தியருக்கு ரத்தம் தலைக்கேறியது. "மனுசன் நம்பி எழுதிருக்கறான். பெத்தவகிட்டச் சொல்லாதத எங்கிட்டச் சொல்லிருக்கறான். அத நாலு பேரு முன்னால வாசிக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா? எங்கப்பன் நாடி புடிச்சுப் பாத்தத எங்கம்மாகிட்டக் கூடச் சொன்னதில்ல!"

கழுத்தை நீட்டியவர் பெஞ்சில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"நீங்க வாசிக்க மாட்டீங்க," என்றாள் எஸ்தர். "உங்க கடை எட்டு மாசமா வாசிச்சுட்டு இருக்குது."

வைத்தியர் படியேறினார். முதல் காரியமாக நோய் விவரப் பக்கத்தை மூடினார். பிறகு கணினி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக முகவரியை மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை. மாலை நாலு மணிக்கு எல்லாப் பக்கத்திலும் பூட்டு விழுந்தது. 'பாதுகாப்பற்றது' என்ற எழுத்து போயே போய்விட்டது. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை ஒரு பகலைக் கூட முழுசாகத் தின்னவில்லை.

அங்கிருந்தே கோமளவல்லிக்குப் போன் செய்தார். "தப்பு எம்மேலதான் தாயி," என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டாள்.

வைத்தியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இனி எல்லாம் சரிதானுங்களே டீச்சர்? நா வரட்டுங்களா?"

"மத்தவங்களுக்கு எப்பச் சொல்லப் போறீங்க?"

"எந்த மத்தவங்க?"

"எட்டு மாசமா அந்தப் பக்கத்துல எழுதுனவங்க. முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க."

வைத்தியர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங் டீச்சர், முடிஞ்சுபோனத எதுக்குக் கிளறோணும்? இப்படி ஆகிப்போச்சுன்னு சொன்னா, இனி ஒருத்தரும் எங்க கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க. மூணு தலமுறையா எடுத்த பேரு. அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!"

எஸ்தர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா. அவங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."