துக்கம் கேட்க ஓர் ஒத்திகை

மருதக்கோட்டை ராஜா கட்டியப்பருக்கு எல்லாம் நன்றாகவே வாய்த்திருந்தது, மைத்துனரைத் தவிர. பெயர் பூலோகராயர். நல்ல மனிதர்தான், வாயைத் திறக்காத வரையில்.

சேனாதிபதியின் தாயார் இறந்தபோது ராயர் துக்கம் கேட்கப் போனார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. ராயரோ வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "போய் வருகிறேன்" என்றார். கொஞ்ச நாளில் சேனாதிபதியின் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். ராயர் சொன்னபடியே வந்தார்.

இந்த லட்சணத்தில் மேற்கே மலைநாட்டு ராணி காலமானாள். மருதக்கோட்டைக்கு ஆற்றுத் தண்ணீர் அங்கிருந்துதான் வர வேண்டும். நாற்று நட்ட சமயம் வேறு. துக்கம் கேட்கும் தூதராக நானே போகிறேன் என்று ராயர் முன்வந்தார். மலைநாட்டார் மனம் கோணி அணையை அடைத்தால் ஊரே பட்டினி. ராயரை அனுப்ப வேண்டாம் என்று சபையார் ராஜாவிடம் முறையிட்டார்கள்.

"அவன் அரசியலுக்குப் புதியவன். ஏதோ வாய் தவறிவிட்டது. அனுபவம் வந்தால் தானாகத் திருந்துவான்" என்றார் ராஜா. பக்கத்தில் மகாராணி இருந்தாள். வேறென்ன சொல்வார், பாவம்!

அரண்மனைப் புலவர் குழைக்காதர் எழுந்தார்.

"உண்மை, மகாராஜா. அந்த அனுபவத்தைத் தேடி மலைநாட்டுக்குப் போவானேன்? இங்கேயே ஒரு முறை பழகிவிட்டுப் போகட்டும்."

"எப்படியய்யா பழகுவது? ஊரில் இப்போது யாரும் சாகவில்லையே."

"அதனால்தான் தங்களைக் கேட்கிறேன். சற்றே படுத்துக்கொள்ள வேண்டும்."

ராஜா வேடிக்கைப் பிரியர். பாயை விரிக்கச் சொல்லி, படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகாராணியும் தம்பியின் பதவிக்காக முந்தானையால் முகத்தை மூடி விசும்பினாள்.

ராயர் கம்பீரமாக உள்ளே வந்தார்.

"அழாதே அக்கா. அத்தானுக்கு என்ன குறை? இருக்க வேண்டியதற்கு மேலேயே இருந்துவிட்டார். எத்தனை நாளாக எதிர்பார்த்தோம்! சரி, போய் வருகிறேன்."

ராஜா துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "அடேய்! என்ன பேச்சடா இது?"

குழைக்காதர் பணிவாகக் குனிந்தார்.

"மகாராஜா, பிணம் எழுந்து உட்காரக் கூடாது. சத்தமும் போடக் கூடாது. பரவாயில்லை, தங்களுக்கும் இது முதல் தடவைதானே!"

ராஜா முறைத்தார். பிறகு பாயிலேயே உருண்டு சிரித்தார். தூதர் பதவியும் ஒரு பட்டுச் சால்வையும் குழைக்காதருக்குக் கிடைத்தன. மலைநாட்டில் அவர் வாயே திறக்கவில்லை. தண்ணீர் வந்தது.