பதினாலாவது குழவி

“மதிப்பு எங்கிருந்து வருது டீச்சர்?” என்று கேட்டார் அறவாழி.

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எதோட மதிப்பு?”

“என் காயினோடது.”

அறவாழிக்கு நாற்பத்தைந்து வயது. பத்து வருடம் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவர். திரும்பிய நாளிலிருந்து ஒரு கிரிப்டோ நாணயம் செய்துகொண்டிருந்தார். வைகை காயின் என்று அதற்குப் பெயர்.

டீச்சர் அவரைவிட ஆறு வயது இளையவர். ஒரு காலத்தில் கணக்கு டியூஷன் எடுத்தவர். ஒருநாள் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதவேயில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்கள் தங்கள் கேள்விகளோடு அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

“ஆத்துலயே தண்ணியக் காணோம். உங்க வைகையாவது ஓடுதா?”

“சிரிக்காதீங்க டீச்சர். இன்னைக்குப் பத்து மணிக்கு எங்கக்கா அதுல ஆறு லட்சம் போடப் போறாங்க. மாமா போனப்புறம் லேத்துப் பட்டறையை வித்த காசு. அவங்க கையில இருக்குறதே அவ்வளவுதான்.”

“அவங்களுக்கு இஷ்டமா?”

“‘நீ சொன்னாச் சரிடா’ங்கறாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.”

டீச்சர் ஒரு முற்றிய தண்டை ஒடித்துத் தள்ளி வைத்தார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க? எது அதுக்கு மதிப்பு?”

அறவாழிக்கு இது மனப்பாடம். “மொத்தமே இருபது லட்சம் காயின். அதுக்கு மேல ஒண்ணுகூட உண்டாக்க முடியாது. யார்கிட்ட எத்தனை இருக்குங்கறது ஒரு ஆளு நோட்டுல இல்ல, எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. அதனால யாரும் கள்ளத்தனமா மாத்த முடியாது.”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுதான் மதிப்பா?”

டீச்சர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு உடைந்த அம்மிக் குழவி. பாதிதான் இருந்தது.

“ரேஷன்ல இன்னைக்குத் துவரம்பருப்பு போடுறாங்களாம். இதை வரிசையில வச்சுட்டு வாங்க.”

“டீச்சர், நான் கேட்டது…”

“வரிசை நீண்டுரும்.”

மணி ஏழு. ஒன்பதுக்குத்தான் கடை.

ரேஷன் கடை வாசலில் வரிசை இருந்தது. ஆள்தான் இல்லை. ஒரு சிவப்பு வாளி. ஒற்றைச் செருப்பு. கல் வைத்த மஞ்சள் பை. மூடியில்லாத ஒரு டிபன் டப்பா. அவற்றுக்குரியவர்கள் எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறவாழி கடைசியாகக் குழவியை வைத்தார்.

“ஏங்க, அது யாரு குழவி?” நிழலிலிருந்து ஒரு குரல்.

“டீச்சரோடது.”

“அப்பச் சரி. ஏ பேச்சி, டீச்சர் குழவி பதினாலு.”

“பாத்துக்கிட்டேன் மும்தாஜக்கா.”

அறவாழி தயங்கி நின்றார். “அந்த வாளி யாரோடது?”

மூன்று பேர் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். “ரஹ்மத்து.”

“செருப்பு?”

“தையக்காரரோடது. இன்னொண்ணக் கால்ல போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு.”

“யாராவது அதைப் பின்னாடி நகர்த்தி வச்சுட்டா?”

பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நகத்தித்தான் பாருங்களேன்.”

அறவாழிக்குப் புல்லரித்தது. நோட்டு இல்லை, சீட்டு இல்லை, அதிகாரி இல்லை. எல்லார் தலைக்குள்ளும் அதே கணக்கு. மூன்று வருடமாகக் கண் எரிய உட்கார்ந்து தான் எழுதியதை, இவர்கள் ஒரு வாளியும் செருப்பும் வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குழவிக்குப் பின்னால் ஏழெட்டுப் பொருள் சேர்ந்துவிட்டது. அப்போது ஒருவர் பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“சார், குழவி உங்களுதா? எனக்குப் பத்து மணிக்கு ஆபீஸ். அம்பது ரூவா தாரேன், இடத்த விட்டுக் குடுங்க.”

“அறுபது,” என்றார் பின்னால் வந்த இன்னொருவர்.

“எம்பது!” என்றார் ஹெல்மெட்.

அறவாழி விற்றுவிட்டார்.

“டீச்சர் இடத்தையா வித்தீக?” என்றாள் மும்தாஜ். பிறகு தோளைக் குலுக்கினாள். “போகட்டும். ஒரு ஆளுக்கு ஒரு ஆளு. பேச்சி, பதினாலு இனிமே ஹெல்மெட்டு.”

“பாத்துக்கிட்டேன்.”

அறவாழி கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தார்.

“எண்பது ரூபாய் டீச்சர்! உடைஞ்ச கல்லுக்கு! கைமாறினதைக்கூட அங்க அத்தனை பேரும் ஞாபகத்துல ஏத்திக்கிட்டாங்க. எனக்கு விடை கிடைச்சிருச்சு!”

“சந்தோஷம். பருப்பு?”

“வேற கல்லு வைப்போம். ஒண்ணு என்ன, பத்து வைப்போம். மிச்சத்த வித்துரலாம்.”

டீச்சர் கொல்லைச் சுவரோரம் கை காட்டினார். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் அங்கே குவிந்து கிடந்தது.

“வேணுங்கறத எடுத்துக்கோங்க.”

பத்து செங்கல்லைச் சாக்கில் சுமந்துகொண்டு போய், வியர்க்க வியர்க்க வரிசையின் கடைசியில் அடுக்கினார்.

நிழலில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

“இதெல்லாம் யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“பத்துமா? என்னண்ணே, ஊருக்கே சாம்பார் ஊத்தப் போறீகளா?”

தையல்காரர் டீ கிளாசோடு சிரித்தார். பேச்சி எழுந்து வந்தாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு செங்கல்லை விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் காலாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாக்கடையோரம் ஒதுக்கினாள்.

“நீங்க ஒரு ஆளு. ஒரு கல்லு. இருபத்தி மூணு.”

“பாத்துக்கிட்டேன்,” என்றாள் மும்தாஜ்.

ஒன்பது மணிக்குக் கடைக்காரர் வந்தார். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்து பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். மறுபடி இறக்கினார்.

“பருப்பு லோடு வரலம்மா. நாளைக்கு வருதாம்.”

“நேத்தும் இதத்தான்யா சொன்னீரு!”

“நேத்து நான் லீவு. நாளைக்கு உறுதி.”

கொஞ்ச நேரம் ஏச்சு. பிறகு ஆளாளுக்குத் தங்கள் பொருளை எடுத்தார்கள். வாளி தண்ணீர் பிடிக்கப் போனது. செருப்பு காலுக்குப் போனது. பை மடிந்து இடுப்புக்குப் போனது. டிபன் டப்பாவைத் தட்டி உதறி யாரோ கொண்டு போனார்கள்.

வாசலில் ஒரு செங்கல் மிச்சம். ஹெல்மெட் போட்டவர் கையில் குழவியோடு நின்றார்.

“சார்,” என்றார். “இத வச்சு நான் என்ன சார் பண்றது? வீட்ல மிக்ஸிதான்.”

அறவாழி அந்தக் குழவியைப் பார்த்தார்.

அதே கல். அதே எடை. அது பதினாலாவது என்று அந்தத் தெருவில் இன்னும் அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது. பருப்புதான் இல்லை.

சட்டைப் பையிலிருந்து எண்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

“பரவால்லயே,” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. “வித்தவரே திருப்பி வாங்குறத இப்பத்தான் பாக்குறேன்.”

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“பருப்பு?”

“வரல டீச்சர். நாளைக்கு வருமாம்.”

“போச்சா! இன்னைக்குக் கீரைய வெறும் மசியலாத்தான் கடையணும்.” டீச்சருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். குழவியை வாங்கிக் குழாயடியில் கழுவினார். சேறு போகத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்.

“அதை எதுக்கு டீச்சர் இவ்வளவு பத்திரமா?”

“நாளைக்குக் கடை உண்டுல்ல.”



போன் அடித்தது. அக்கா.

“டேய், பேங்க்ல இருக்கேன். கவுன்ட்டருக்குக் கூப்பிட்டுட்டாங்க. அனுப்பட்டுமா?”

“வேணாங்க்கா.”

“என்னடா இப்படிச் சொல்ற? விலை ஏறும்னியே?”

“ஏறும்க்கா. நாளைக்கே ஏறுனாலும் ஏறும்.”

“பிறகு ஏன்டா வேணாங்கற?”

கதவுக்குப் பின்னால் குழவியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பருப்பு இன்னும் வரலக்கா.”

“எந்தப் பருப்புடா?” என்றாள் அக்கா.